தாக்மாராவின் பிணை

என் தம்பி யஃலா தாக்மாராவை இருபது ஆண்டுகள் ஆண்டான். மலைகளுக்கு நடுவே உள்ள சின்ன ஊர்தான் அது. ஒரு கோட்டை, இரண்டு பள்ளிவாசல்கள், ஒரு நீளமான கடைத்தெரு, சுற்றிலும் நாற்பது சிற்றூர்கள். எங்கள் பாட்டனார் அதைப் பிடித்தார், வாப்பா காப்பாற்றினார், யஃலா கொடுத்துவிட்டான் என்று கடைத்தெருவில் சொல்கிறார்கள். தப்பென்று சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

நான் கன்ஸா. அவனுக்கு மூன்று வயது மூத்தவள். சிறு வயதில் அவனைப் போல வாயாடி அந்தக் கோட்டையில் கிடையாது. வந்துபோகிற தூதர்கள் எப்படிக் குனிகிறார்கள், எப்படி மூக்கைத் துடைத்துக்கொள்கிறார்கள் என்று அப்படியே நடித்துக் காட்டுவான். வாப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். எனக்குப் பதினாறு வயதானபோது, கிழக்கே சுல்தானின் தலைநகரத்தில் இருந்த ஒரு படை அதிகாரிக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். ஒன்பது வருடம் அங்கே வாழ்ந்தேன். கணவர் ஏதோ ஒரு முற்றுகையில் இறந்தார். பிள்ளை இல்லை. திரும்பி வந்துவிட்டேன். அந்த ஒன்பது வருடத்தில் எனக்கு மிஞ்சியது தலைநகரத்து அரபு மட்டும்தான். எங்கள் மலையில் அதைத் தடங்கலில்லாமல் பேசத் தெரிந்தவர்கள் நானும் கோட்டை எழுத்தர் கல்லூஃபும்தான்.

நான் வந்த வருடமே வாப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். யஃலாவுக்கு இருபத்திரண்டு வயது. மனைவி ரஹ்மூனா, ஒரு வயதுப் பையன் பக்கார். யாரை அமீர் ஆக்குவது என்று குலத்தலைவர்கள் கூடினார்கள். எங்கள் சித்தப்பா எழுந்து, "ஒரு கோமாளியவா அமீராக்கப் போறீங்க?" என்று கேட்டார். யஃலா அவர் குரலிலேயே, அவரைப் போலவே தாடியை இழுத்துக்கொண்டு, "ஒரு கோமாளியவா அமீராக்கப் போறீங்க?" என்று திருப்பிக் கேட்டான். அவை முழுதும் சிரித்தது. கடைசியில் சித்தப்பாவும் சிரித்துவிட்டார். அன்றைக்கு அங்கே கத்தி உருவப்படாமல் போனதற்கு அந்தச் சிரிப்புதான் காரணம்.

எட்டு வருடம் நன்றாகத்தான் போனது. எட்டாவது வருடம், பார்லி அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது, சுல்தானின் படை ஆற்றங்கரையில் வந்து கூடாரம் போட்டது. விளைந்த வயல்களுக்குள்ளேயே குதிரைகளைக் கட்டினார்கள். சண்டை போடுகிற அளவுக்கு எங்களிடம் ஆள் இல்லை. அவர்கள் கேட்டது இரண்டு. ஒன்று, வெள்ளிக்கிழமைத் தொழுகையின் குத்பா உரையில் சுல்தானின் பெயரைச் சொல்ல வேண்டும். இன்னொன்று, அமீரின் மகன் தலைநகரத்தில் வளர வேண்டும். 'வளர' என்றுதான் எழுதியிருந்தார்கள். பிணை என்று எழுதவில்லை.

யஃலா ஒத்துக்கொண்டான். இருபது நாள் தவணை கொடுத்தார்கள். அந்த இருபது நாளும் பக்காருக்குத் தலைநகரத்துப் பேச்சைக் கற்றுக்கொடுத்தேன். தண்ணீர் வேண்டும், பசிக்கிறது, வலிக்கிறது, எனக்குத் தெரியாது. இவற்றைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தேன்.

"'எங்க வாப்பாவ வரச் சொல்லுங்க'ன்னு எப்படி அத்தை சொல்றது?" என்று கேட்டான்.

"அது வேணாம்டா. அடுத்ததப் படி."

"ஏன் வேணாம்?"

"சொன்னாலும் அங்க யாரும் கேக்க மாட்டாங்க."

கொஞ்சம் யோசித்தான். பிறகு, "சரி, ரொட்டிக்கு என்ன?" என்றான்.

புறப்படுகிற அன்று கோவேறு கழுதை மேல் உட்கார வைத்தார்கள். கால் எட்டவில்லை. ரஹ்மூனா அவன் இடுப்புக் கச்சையை மூன்று முறை அவிழ்த்துக் கட்டினாள்.

"வாப்பா, எத்தன வெள்ளிக்கிழமை ஜும்ஆ கழிச்சு வருவேன்?"

"நீ எண்ணிட்டே இரு. நானும் எண்றேன். யாரு கணக்கு தப்புதுன்னு பாப்போம்," என்றான் யஃலா.

"உங்களுக்குத்தான் தப்பும். நீங்க குத்பாவுல தூங்கிடுவீங்க."

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அழைத்துப்போக வந்த அதிகாரி என்ன என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவரும் சிரித்தார். பிறகு கழுதையைத் தட்டிவிட்டார்கள். ஆற்றுத் துறை வரைக்கும் யஃலா கூடவே நடந்து போனான்.

வருடத்துக்கு ஒரு கடிதம் வந்தது. முதல் கடிதம் யாரோ எழுத்தர் கை. சாப்பாடு கிடைக்கிறது, உடம்பு நன்றாக இருக்கிறது, சுல்தான் வாழ்க. அவ்வளவுதான். யஃலா அதை மூன்று முறை வாசிக்கச் சொன்னான். ரஹ்மூனா ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான் கேட்பாள்: "என்னைக் கேட்டிருக்கானா?" கேட்டிருக்கிறான் என்று நானே சேர்த்துச் சொல்வேன். "உம்மாவோட அத்திப்பழ ஊறுகாய் மாதிரி இங்க இல்லைன்னு எழுதியிருக்கான்," என்றெல்லாம் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது கடிதத்தைப் பையனே எழுதியிருந்தான். நல்ல கையெழுத்து. நான்காவதில் எங்கள் மலைப் பேச்சு ஒரு சொல்கூட இல்லை.

அந்த வருடம் முதல் பனி விழுந்த அன்று, மதிய நேரம், சமவெளியிலிருந்து ஒரு குலம் எங்கள் வாசலுக்கு வந்தது. சுல்தானுக்கு எதிராகக் கிளம்பித் தோற்று ஓடிவந்தவர்கள். தலைவர் இஸ்லீத்தன் என்ற கிழவர். பிள்ளைகளின் கால்களில் ஆட்டுத்தோலைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ரொட்டி கொடுத்து அடுத்த கணவாய்க்கு அனுப்பிவிடலாம் என்று அவையில் எல்லோரும் சொன்னார்கள். கல்லூஃபும் அதையேதான் சொன்னார். யஃலா எழுந்து வாசலுக்கு நடந்தான். இஸ்லீத்தன் வாளைப் பனியில் போட்டுவிட்டு இரும்புக் கதவின் வளையத்தைப் பிடித்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் ஒருவன் வாசல் வளையத்தைப் பிடித்துவிட்டால் அவன் அந்த வீட்டுக்காரன். யஃலா கதவைத் திறக்கச் சொன்னான்.

பார்லிக் களஞ்சியம் பாதி காலியாக இருந்தது. அங்கே அவர்களைத் தங்க வைத்தோம்.

பதினைந்து நாளில் சுல்தானின் தூதர் வந்தார். நாற்பது நாளுக்குள் அந்தக் குலத்தை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காவிட்டால் என்ன ஆகும் என்று கடிதத்தில் இல்லை. தூதர் கிளம்பும்போது, "உங்க பையன் நல்லா வளந்திருக்கான், அமீரே. உங்க ஜாடைதான்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

முப்பத்திரண்டாவது நாள் காலை. யஃலாவும் ரஹ்மூனாவும் நானும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். ரஹ்மூனா ரொட்டியைத் தொடவில்லை.

"இன்னும் எட்டு நாள்தான் இருக்கு. என்ன எழுதப் போறீங்க?" என்றாள்.

யஃலா ஆலிவ் கொட்டையைத் தட்டின் ஓரத்தில் வைத்தான். "முந்தாநாள் களஞ்சியத்துக்குப் போயிருந்தேன். அவங்க பிள்ளைங்கள எண்ணிப் பாத்தேன். நூத்திப் பதினாறு."

"எனக்கு ஒண்ணு."

"தெரியும்."

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதாங்க."

"எனக்கும் அவன் ஒருத்தன்தானே, ரஹ்மூனா."

"அப்ப எழுதுங்க. இவங்களக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னு எழுதுங்க. கைய நீட்டிக் கேக்கறேன். கிழவன் செத்தா என்ன, அவன் வாழ்ந்து முடிச்சவன். பிள்ளைங்கள ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"பண்ணுவாங்க," என்றேன். தலைநகரத்தில் பார்த்திருக்கிறேன். ரஹ்மூனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது குறைவு.

யஃலா எழுதவில்லை. நாற்பதாவது நாளும் போனது.

வசந்தத்தில் ஒரு குதிரைக்காரன் கடிதம் கொண்டுவந்தான். கல்லூஃப் பிரித்தார். ஒரே வரி. "உம்முடைய மகனைப் பற்றிய காரியம் முடிந்துவிட்டது."

"வேற ஒண்ணும் இல்லையா?" என்றான் யஃலா.

"இல்ல, அமீரே. முத்திரை இருக்கு."

"அக்கா, நீ பாரு."

பார்த்தேன். அதுதான் இருந்தது. தலைநகரத்து அலுவலகங்களில் அந்தச் சொற்றொடரைக் கேட்டிருக்கிறேன். கழுத்து வெட்டப்பட்டவர்களைப் பற்றித்தான் அப்படி எழுதுவார்கள். வேறு எதற்கும் எழுதி நான் கேட்டதில்லை. அதைத்தான் அவனிடம் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை பெரிய பள்ளியில் உடல் இல்லாமல் பக்காருக்கு ஜனாஸாத் தொழுகை நடந்தது. ஊரே வந்தது. எல்லோரையும்விட இஸ்லீத்தன்தான் அதிகம் அழுதார். தரையில் விழுந்து யஃலாவின் காலைப் பிடித்தார். யஃலா குனிந்து அவர் தோளைத் தொட்டு, "போதும், எழுந்திருங்க. தரை ஈரமா இருக்கு," என்றான். வீட்டுக்கு வந்து ரொட்டி சாப்பிட்டான். உப்பு கேட்டான். நான் எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் ரஹ்மூனா தன் தகப்பனார் ஊருக்குக் கிளம்பினாள். அவளை யாரும் தடுக்கவில்லை. அவளும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

சுல்தானின் படை வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. அங்கே சுல்தான் வீட்டு அண்ணன் தம்பிக்குள் சண்டை மூண்டு வருடக்கணக்கில் நடந்தது. எங்களைப் பற்றி நினைக்க யாருக்கும் நேரம் இல்லை.

அடுத்த ஏழு வருடம் யஃலா ஆண்டதைத்தான் தாக்மாராவில் இன்றைக்கும் புகழ்கிறார்கள். காலைத் தொழுகை முடிந்ததும் அவையில் உட்காருவான். வழக்குகளைக் கேட்பான். யார் கத்தினாலும் முகம் மாறாது. யார் அழுதாலும் மாறாது. பணக்காரன், ஏழை, சொந்தக்காரன் என்று எந்த வித்தியாசமும் இல்லை. சித்தப்பா மகன் ஒருவன் ஓர் இடையனைக் குத்திக் கொன்றான். அவனுக்கும் தண்டனை விதித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னான். "என்ன ஒரு நிதானம்! அமீர்னா இப்படி இருக்கணும்," என்று சனங்கள் பேசிக்கொண்டே போவார்கள். பனிக்காலத்தில் அவையின் கதவு திறந்தே கிடக்கும். போர்வை தோளிலிருந்து நழுவி விழுந்தால் எடுத்துப் போட்டுக்கொள்ள மாட்டான். உதடு நீலமாகும்வரை அப்படியே இருப்பான். நான் போய்ப் போர்த்திவிடுவேன். போர்த்தியதும் தெரியாது.

ஒரு நாள் அவனைச் சிரிக்க வைக்கலாம் என்று, கடற்கரையிலிருந்து வந்த புதுத் தூதர் எப்படித் திக்கித் திக்கிப் பேசுகிறார் என்று நானே நடித்துக் காட்டினேன். எனக்கு அந்தக் கலை வராது. முழுதும் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு," என்றான்.

"டேய், ஒரு தடவையாவது கத்துடா. எதையாவது எடுத்து வீசு."

"யாரப் பாத்துக் கத்தறது?"

"சாப்பிட வா," என்றேன். வந்தான்.

அந்தக் காலத்தில் இஸ்லீத்தன் வயதாகி இறந்தார். கல்லூஃபும் இறந்தார். களஞ்சியத்தில் இருந்த பிள்ளைகள் வளர்ந்தார்கள். கடைத்தெருவில் வேலைக்குப் போனார்கள். எங்கள் ஊர்க்காரர்களையே கட்டிக்கொண்டார்கள். யஃலா அவர்களில் யாரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசியது கிடையாது.

ஆலிவ் பறிக்கிற பருவத்தில் மறுபடியும் ஆற்றங்கரையில் கூடாரங்கள் முளைத்தன. இந்த முறை படை பெரிது. கடிதம் வந்தது. கல்லூஃப் இல்லாததால் நான்தான் வாசித்தேன். சரணடைந்தால் ஊருக்குச் சேதம் இல்லை, அமீர் நேரில் வர வேண்டும், இத்யாதி. அடியில் படைத் தலைவரின் பெயர் இருந்தது. அதைப் படித்ததும் நிறுத்திவிட்டேன்.

"என்னக்கா?"

"தளபதியோட பேரு."

"என்ன பேரு?"

"பக்கார். யஃலாவோட மகன் பக்கார்னு போட்டிருக்கு."

யஃலா கையில் சூப் கிண்ணம் இருந்தது. "இன்னொரு தடவ வாசி," என்றான். வாசித்தேன்.

"அப்ப அவனுக்கு இருபத்தொண்ணு," என்றான். கிண்ணத்தில் மிச்சம் இருந்ததைக் குடித்து முடித்தான். பிறகு, "குதிரை வேணாம், நடந்தே போயிடலாம். நீயும் வா. அங்க பேச ஆள் வேணும்," என்றான்.

ஆலிவ் தோட்டங்களுக்கு நடுவே இறங்கிப் போனோம். மரங்களின் கீழே விரித்த துணிகளில் காய்கள் அப்படியே கிடந்தன. பறித்தவர்கள் ஓடிப்போயிருந்தார்கள். என் காலில் ஏதோ குத்தி ரத்தம் வந்தது. கூடாரத்துக்குள் போன பிறகுதான் கவனித்தேன்.

அவன் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை. தாடியைத் தலைநகரத்து வழக்கப்படி ஒட்ட வெட்டியிருந்தான். காதுகள் மட்டும் ரஹ்மூனாவின் காதுகள். தகப்பனையும் என்னையும் பார்த்தான். அவனுக்கு எங்கள் பேச்சு மறந்துபோயிருந்தது. தலைநகரத்து அரபில் என்னிடம் பேசினான்.

"உங்க அமீர்கிட்ட ஒண்ணு கேளுங்க. உயிரோட இருக்கிறவனுக்கு ஜனாஸா தொழறது உங்க மலையில வழக்கமா?"

நான் அப்படியே யஃலாவிடம் சொன்னேன்.

"காரியம் முடிஞ்சுதுன்னு எழுதியிருந்தாங்க. அப்படின்னா செத்துட்டான்னு நெனச்சோம்," என்றான் யஃலா.

"அப்படி அர்த்தம்னு சொன்னது நான்தான்," என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

பக்கார் என்னை ஒரு நொடி பார்த்தான். "அமீர் பிள்ளைங்க தங்குற வீட்டுலேருந்து என் பேர அடிச்சிட்டாங்க. அதத்தான் அப்படி எழுதுவாங்க. அடிமைச் சிப்பாய்ங்க கொட்டடிக்கு அனுப்பினாங்க. ஒட்டகத் தொழுவத்துல சாணி அள்ளிட்டிருந்தேன். அங்க இருந்த ஒரு சமையல்காரன் வந்து சொன்னான், 'டேய், உங்க ஊருல ஒனக்கு ஜனாஸா தொழுதாச்சாம். இனிமே நீ பேயிடா, ஒனக்கு ரொட்டி எதுக்கு?'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. பதிமூணு வயசு எனக்கு. ரெண்டு வருஷம் 'பேயி'ன்னுதான் கூப்பிட்டாங்க."

அவன் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. தகப்பன் வழக்குக் கேட்கிற அதே குரல். நான் யஃலாவுக்குச் சொன்னேன். பேய் என்ற சொல்லை விட்டுவிட்டுச் சொன்னேன்.

யஃலா பையனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். "சொல்லுக்கா. சுல்தான் கேட்டாரு, நான் மாட்டேன்னுட்டேன். என்ன ஆகும்னு தெரிஞ்சுதான் மாட்டேன்னேன். இன்னிக்கு வந்து கேட்டாலும் மாட்டேன்னுதான் சொல்வேன்."

நான் திரும்பி, தலைநகரத்து அரபில், உன் தகப்பன் உன்னை நினைக்காத நாள் இல்லை, ஏழு வருடமாக அவன் சிரித்ததே இல்லை, நாங்கள் ஏமாற்றப்பட்டோம், மன்னித்துக்கொள் என்று சொன்னேன். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவன் சொன்னது மட்டும் அதில் இல்லை.

"நான் சொன்னத விட நீளமா இருக்கே, அக்கா," என்றான் யஃலா.

நான் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டேன்.

"நான் சொன்னத மட்டும் சொல்லு."

சொன்னேன்.

வெளியே யாரோ குதிரைக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தார்கள். "எத்தனை பேருக்காக?" என்று கேட்டான் பக்கார்.

"பிள்ளைங்க மட்டும் நூத்திப் பதினாறு," என்றான் யஃலா.

"என்னையும் சேத்தா?"

"உன்னைச் சேக்காம."

பக்கார் தலையை ஆட்டினான். ஒரு கணக்கைச் சரிபார்த்து முடித்தவன் போலத்தான் இருந்தது. கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குடித்தான். எங்களுக்கும் கொடுக்கச் சொன்னான்.

அதன் பிறகு நிபந்தனைகளைச் சொன்னான். தாக்மாராவுக்கு இனி அவன்தான் அமீர். இஸ்லீத்தன் குலத்தில் மிச்சம் இருப்பவர்களை வருடம் முடிவதற்குள் சுல்தானிடம் அனுப்பிவைக்க வேண்டும். சுல்தான் அவனையும் முழுசாக நம்பவில்லை. பிணை கேட்டிருக்கிறார்.

"எனக்குப் பொண்டாட்டி இல்ல, பிள்ளை இல்ல. பிணையா அனுப்ப எங்கிட்ட இருக்கறது ஒரே ஆள்தான்," என்றான்.

நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே யஃலா புரிந்துகொண்டான் என்று நினைக்கிறேன். இருந்தாலும் கேட்டு முடித்துவிட்டு, "எப்பக் கிளம்பணும்?" என்றான்.

"மூணு நாள்ல."

"அக்காவும் வரலாமா?"

"வரலாம்."

"இஸ்லீத்தனோட சனங்கள என்ன பண்ணப் போற?"

"அதக் கேக்கற இடத்துல நீங்க இப்ப இல்ல," என்றான் பக்கார். அதை அப்படியே சொன்னேன்.

மூன்றாவது நாள் ரஹ்மூனா மலையிலிருந்து இறங்கி வந்தாள். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கோட்டை முற்றத்தில் பையனைப் பார்த்தாள். அவன் மரியாதையாக நடந்து வந்து அவள் கையை முத்தமிட்டான். ஊரில் எந்தப் பெரியவளுக்கும் அப்படித்தான் செய்வார்கள். அவள் கையை உயர்த்தி அவன் காதைத் தொட்டாள். தொட்டுக்கொண்டே நின்றாள். அவன் சங்கடப்பட்டு என் பக்கம் திரும்பினான்.

"என்ன சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்லல," என்றேன்.

அவளுக்கு ஒரு நல்ல கம்பளி அங்கி கொடுக்கச் சொன்னான். அவள் வாங்கிக்கொண்டாள். யஃலா வாசலில் கழுதையின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தான். அவள் அவனைக் கடந்து போகும்போது நின்று, "உயிரோட இருக்கான்," என்றாள். "ஆமா," என்றான். அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது.

தலைநகரத்தில் தோல் பதனிடுகிறவர்கள் தெருவுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு வீடு கொடுத்தார்கள். இரண்டு அறை, வாசலில் ஒரு காவலன். நாற்றம் முதல் மாதம் தாங்க முடியாமல் இருந்தது. பிறகு தெரியவில்லை. யஃலா தொழுதான், சாப்பிட்டான், முற்றத்தில் உட்கார்ந்தான். தலைநகரத்துப் பேச்சைக் கற்றுக்கொள்கிறாயா என்று கேட்டேன். எதற்கு என்றான்.

பதினான்கு மாதம் கழித்து ஓர் அதிகாரி வந்தார். அவர் கேட்டதை நான் மொழிபெயர்த்தேன். இஸ்லீத்தன் குலம் முழுதும், வளர்ந்த பிள்ளைகள், அவர்களின் மனைவிமார், கைக்குழந்தைகள் உட்பட, மேற்குக் கணவாய் வழியாகப் போய்விட்டது. எங்களுக்குத் தெரியாமல் தப்பிவிட்டார்கள் என்று உங்கள் மகன் எழுதியிருக்கிறார். பட்டப்பகலில், ஊர்ச் சந்தை நடக்கிற நாளில், இருநூறு கழுதைகளோடு. நீங்கள் நம்புகிறீர்களா?

யஃலா யோசித்தான். "எங்க ஊர்ச் சந்தையில கூட்டம் ரொம்ப அதிகம். யாரு வர்றா, யாரு போறான்னு ஒண்ணும் தெரியாது," என்றான்.

மொழிபெயர்த்தபோது அதிகாரிக்குக் கோபத்தில் காது சிவந்தது. நான் தம்பியைப் பார்த்தேன். அவன் முகம் எப்போதும் போலத்தான் இருந்தது.

மறுநாள் அவனைச் சுல்தானின் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். தரைக்குக் கீழே ஓர் அறை. என்னை விட்டுவிட்டார்கள். நாள்தோறும் பகலில் சாப்பாடு கொண்டுபோகலாம் என்றார்கள். பருப்புக் கஞ்சியும் ரொட்டியும் கொண்டுபோவேன். வாசலில் காவலர்கள் ரொட்டியைப் பிய்த்துப் பார்ப்பார்கள். இன்றைக்கு வெட்டுவார்கள், நாளைக்கு வெட்டுவார்கள் என்று முதலில் எதிர்பார்த்தேன். உத்தரவு வரவேயில்லை. சுல்தான் வேறு ஒரு போருக்குப் போயிருந்தார்.

ஒரு நாள் அவனிடம் கேட்டேன். "பக்கார் எதுக்குடா அப்படிச் செஞ்சான்? நீ கேட்டேங்கறதுக்காகவா? இல்ல, உன் தலை போகட்டும்னா?"

ரொட்டியைக் கஞ்சியில் தோய்த்தான். "தெரியலக்கா."

"நீ என்ன நினைக்கற?"

"பிள்ளைங்க கணவாயத் தாண்டிட்டாங்க," என்றான். கிண்ணத்தைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு என்னிடம் கொடுத்தான்.

பதினோராவது மாதம் இருமல் வந்தது. எட்டு நாள் இருந்தது. ஒன்பதாவது நாள் சாப்பாட்டோடு போனபோது, திரும்பிப் போகச் சொன்னார்கள். உடலைக் கொடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. தெற்கு வாசலுக்கு வெளியே உள்ள அடக்கத்தலத்தில், குழி வெட்டுகிற நான்கு பேரும் நானுமாக அடக்கினோம். என்னை அழச் சொல்லி ஒரு குழிக்காரர் கேட்டுக்கொண்டார், மனசுக்கு நல்லது என்று. முயன்று பார்த்தேன்.

தாக்மாராவுக்குத் திரும்பப் பத்தொன்பது நாள் பிடித்தது. பக்கார் என்னை அவையில் பார்த்தான். எல்லோரையும் வெளியே அனுப்பினான்.

"சாப்பாடு குடுத்தாங்களா அவருக்கு?"

"நான் கொண்டுபோனேன்."

"வெட்டினாங்களா?"

"இல்ல. இருமல்."

"எங்கிட்ட ஏதாவது சொல்லச் சொன்னாரா?" என்றான்.

வழியெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். உன்னை நினைத்துப் பெருமைப்பட்டார், உன் பெயரைச் சொல்லிக்கொண்டே போனார் என்று எத்தனையோ. அவன் முகத்தைப் பார்த்தேன். "இல்ல, ஒண்ணும் சொல்லல," என்றேன்.

"சரி," என்றான். ஜன்னல் பக்கம் பார்த்தான். "குலத்த அனுப்பினது தெரியுமா அவருக்கு?"

"தெரியும்."

"என்ன சொன்னாரு?"

"பிள்ளைங்க கணவாயத் தாண்டிட்டாங்கன்னு சொன்னான்."

அவன் தலையை ஆட்டினான். கூடத்திலிருந்து நான் வெளியேறும்போது, "அத்தை," என்று கூப்பிட்டான். எங்கள் மலைப் பேச்சில் அந்த ஒரு சொல்லை எங்கிருந்தோ பிடித்திருக்கிறான். மற்றது அரபில் வந்தது. "நாளைக்குக் காலையில அவைக்கு வாங்க. இவங்க பேசறது எனக்குப் பாதி புரியல."

மறுநாள் போனேன். மேலூர்க்காரர்கள் இரண்டு பேர் ஒரு கிணற்றுக்காகச் சண்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒவ்வொருவராகப் பேசச் சொன்னேன். மூத்தவர் முதலில் ஆரம்பித்தார். நான் பக்காரின் பக்கம் திரும்பி, அவர் சொன்னதை மட்டும் சொன்னேன்.